தவறு யாருடையது?
(கட்டுப்பாட்டு அறையில் மனிதனும் கணிப்பொறியும்)

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு

முன்னுரை

'யானைக்கும் அடி சறுக்கும்' என்பது நம் முன்னோர் மொழி. நான்கு கால்களையும் நிதானமாக ஊன்றி நடக்கும் பெரிய விலங்குக்கே சறுக்கும் என்றால், மனிதனுக்குச் சறுக்காதா? வீட்டில் நாம் சறுக்கினால் ஒரு குடம் உடையும். ஒரு வேளைக் குழம்பு கரிக்கும். ஆனால் மின் நிலையத்திலோ, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலோ, இரசாயனத் தொழிற்சாலையிலோ கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவருக்குச் சறுக்கினால், சுற்றியுள்ள ஊர்களே அல்லற்பட நேரிடும்.

கட்டுப்பாட்டு அறையை ஆலையின் மூளை எனலாம். அங்கே பணிபுரியும் ஆபரேட்டர்கள் குழாயையோ கொதிகலனையோ நேரில் பார்ப்பதில்லை. விளக்குகளும் முட்களும் எண்களும் திரைகளும் சொல்வதை நம்பியே பொத்தானை அழுத்துகிறார்கள். எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகக் கூறும் செய்முறை நூல்கள் அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். முன்பு அவை தடித்த காகிதக் கட்டுகளாக இருந்தன. இப்போது பல ஆலைகளில் அவை கணிப்பொறித் திரைக்கு வந்துவிட்டன. அவ்வாறு வரும்போது அவற்றை எப்படி அமைத்தால் மனிதத் தவறு குறையும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

விடியற்காலை 4 மணி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவஹான்னா என்னும் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின் நடுவே உள்ள தீவின் பெயர் 'த்ரீ மைல் ஐலண்ட்'. அங்கிருந்த அணு மின் நிலையத்தின் இரண்டாம் உலை, முறையாக மின் உற்பத்தி தொடங்கி மூன்று மாதமே ஆகியிருந்த புதிய உலை. 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் விடியற்காலை 4 மணிக்கு அங்கே ஒரு விபத்து தொடங்கியது.

அணு உலையில் அணுக்கள் பிளவுபடுவதால் வெப்பம் உண்டாகிறது. உலையைச் சுற்றி ஓடும் நீர் அவ்வெப்பத்தை ஏந்திச் சென்று, வேறொரு சுற்றில் ஓடும் நீருக்குக் கொடுக்கிறது. இந்த இரண்டாவது நீர் ஆவியாகி விசையாழியைச் சுழற்றுகிறது. அன்று இரண்டாவது சுற்றுக்கு நீர் அனுப்பும் பம்புகள் நின்றுவிட்டன. வெப்பம் வெளியேற வழியில்லாமல் முதற்சுற்றில் அழுத்தம் ஏறியது. உடனே மேலேயிருந்த அழுத்த நிவாரண வால்வு தானாகத் திறந்து ஆவியை வெளியேற்றியது. ஏறத்தாழ 8 விநாடிகளில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் உலைக்குள் இறங்கி அணுப்பிளவையும் நிறுத்திவிட்டன. இதுவரை எல்லாம் விதிப்படியே நடந்தன.

அழுத்தம் குறைந்ததும் அந்த வால்வு மூடிக்கொண்டிருக்க வேண்டும். அது மூடவில்லை; திறந்தபடியே சிக்கிக்கொண்டது. விறகடுப்பில் தீயை அணைத்த பின்பும் தணல் கனன்றுகொண்டிருப்பது போல, அணுப்பிளவு நின்ற பின்பும் உலையில் வெப்பம் எழுந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்க நீர் வேண்டும். அந்த நீர்தான் திறந்த வால்வின் வழியே போய்க்கொண்டிருந்தது. அதே குழாயில் இன்னொரு தடுப்பு வால்வும் இருந்தது. அதை மூடினால் போதும், கசிவு நின்றுவிடும். அதை மூட எவ்வளவு நேரமாயிற்று தெரியுமா? 2 மணி 20 நிமிடம்!

அங்கிருந்தவர்கள் தூங்கவில்லை, விளையாடவில்லை. உரிமம் பெற்றவர்கள், அமெரிக்கக் கடற்படையின் அணுசக்திப் பிரிவில் பழகியவர்கள். பின் ஏன் இந்தத் தாமதம்?

விளக்கு சொன்னதும் சொல்லாததும்

நம் வீட்டு மாடித் தொட்டிக்கு நீர் ஏற்ற மோட்டார் போடுகிறோம். சுவரில் சிவப்பு விளக்கு எரிகிறது. நீர் ஏறுகிறது என்று அந்த விளக்கு சொல்கிறதா? இல்லை. மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்று மட்டுமே சொல்கிறது. கிணற்றில் நீர் வற்றியிருந்தாலும் அது எரியும். நீர் விழுகிறதா என்று அறிய ஒருவர் மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

த்ரீ மைல் ஐலண்டில் நடந்ததும் இதுவே. பலகையில் இருந்த விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எண்ணினார்கள். உண்மையில் அந்த விளக்கு, வால்வைத் திறந்து வைக்கும் மின்சாரம் நின்றுவிட்டது என்பதை மட்டுமே காட்டியது. 'மூடு' என்ற கட்டளை போயிற்று. வால்வு கீழ்ப்படிந்ததா என்பதைக் காட்ட எந்த விளக்கும் இல்லை.

வேறு அறிகுறிகள் இருந்தன. வெளியேறிய நீர் ஒரு தொட்டியில் சேர்ந்து, அத்தொட்டியின் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அதைக் காட்டும் கருவி முன்பக்கம் இல்லை. உயரமான பலகையின் பின்புறம் இருந்தது. வால்வுக்கு அப்பாலுள்ள குழாயின் வெப்பமும் அதிகமாக இருந்தது. ஆனால் அந்தக் குழாய் சிறு கசிவினால் பல நாட்களாகவே சூடு காட்டி வந்தது. 'புலி வருது, புலி வருது' என்று நாள்தோறும் கத்திய சிறுவனின் கதை நமக்குத் தெரியும். உண்மைப் புலி வந்தபோது யாரும் நம்பவில்லை. கருவிகளும் அப்படித்தான். நாள்தோறும் பொய்க்குரல் எழுப்பும் கருவி, வேண்டிய நாளில் நம்பிக்கையை இழந்து நிற்கும்.

அவசரக் காலத்தில் இரண்டாவது சுற்றுக்கு நீர் அனுப்பும் வழியில் இருந்த இரண்டு வால்வுகளும் அன்று மூடியிருந்தன. அவை மூடியிருப்பதைக் காட்டும் விளக்குகளில் ஒன்றை, பராமரிப்புக்காகத் தொங்கவிட்ட மஞ்சள் நிறச் சீட்டு மறைத்துக்கொண்டிருந்தது. 8 நிமிடங்களுக்குப் பிறகே அது கண்டுபிடிக்கப்பட்டது.

பால் பொங்கினால் பால் கூடுமா?

இனி, தவறுகளுள் பெரிய தவற்றைப் பார்ப்போம். விபத்து தொடங்கி 2 நிமிடங்களில் அவசர நீர்ப் பம்புகள் தாமாகவே இயங்கி, உலைக்குள் நீரைச் செலுத்தின. இயந்திரம் தன் கடமையைச் சரியாகச் செய்தது. ஆனால் மனிதர்கள் சில நிமிடங்களில் அந்த நீரைக் குறைத்துவிட்டார்கள்! இது எவ்வாறு நேர்ந்தது?

பிரஷர் குக்கரில் அழுத்தம் மிகுவதால் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிப்பதில்லை என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அணு உலையில் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு. ஆகவே 300 டிகிரியிலும் நீர் நீராகவே இருக்கும். ஆனால் அழுத்தம் இறங்கிவிட்டால் அதே சூட்டில் நீர் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றும். அன்று அதுதான் நடந்தது. குமிழிகள் இடத்தை அடைத்துக்கொண்டு நீரை மேலே தள்ளின. மேலேயிருந்த அழுத்தம் காக்கும் தொட்டியில் நீர்மட்டம் ஏறியது. உலைக்குள் நீர் எவ்வளவு இருக்கிறது என்று நேராகக் காட்டும் கருவி கிடையாது. தொட்டியின் மட்டத்தைப் பார்த்தே மற்றதை ஊகிக்க வேண்டும். அந்தத் தொட்டி முழுவதும் நிரம்பிவிடக் கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சியில் வலியுறுத்தியிருந்தார்கள். எனவே, நீர் மிகுந்துவிட்டது என்று எண்ணிப் பம்பைக் குறைத்தார்கள்.

அடுப்பில் பால் பொங்கி விளிம்பு வரை எழும்போது, பால் கூடிவிட்டது என்று எந்தத் தாயும் எண்ணுவதில்லை. ஏனென்றால் பாத்திரம் அவள் கண்முன் இருக்கிறது. ஆபரேட்டருக்குப் பாத்திரம் தெரியாது. விளிம்பின் அளவு மட்டுமே தெரியும். அந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

நூறு மணிகள் ஒரே நேரத்தில்

முதல் சில நிமிடங்களில் 100க்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. பள்ளியில் பாடவேளை மணி, தொலைபேசி மணி, தீ அபாய மணி எல்லாம் ஒரே ஒலியில் ஒரே நேரத்தில் அடித்தால் நாம் எதற்கு எழுந்து ஓடுவோம்? முக்கியமானதையும் அற்பமானதையும் பிரித்துக் காட்டும் ஏற்பாடு அங்கே இல்லை.

அங்கே கணிப்பொறி இல்லாமல் இல்லை! அலாரங்களை வரிசையாக அச்சிட்டுத் தரும் கணிப்பொறி ஒன்று இருந்தது. ஆனால் செய்திகள் குவிந்துவிட்டதால் அச்சுப்பொறி 2 மணி நேரத்திற்கும் மேலாகப் பின்தங்கிவிட்டது. ஆறு மணிக்குத் தேவைப்படும் செய்தி எட்டு மணிக்கு வந்தால் யாருக்குப் பயன்? கணிப்பொறியைக் கொண்டு வந்து வைத்துவிட்டால் மட்டும் தவறு குறைந்துவிடாது என்பதற்கு இதுவே முதற்சான்று.

காலை 6.22 மணிக்குத் தடுப்பு வால்வு மூடப்பட்டது. அடுத்த ஷிப்டுக்காக வந்த மேற்பார்வையாளர் ஒருவர், எல்லாவற்றையும் புதிய கண்ணோடு பார்த்து, வால்வு திறந்திருக்கலாம் என்று ஐயுற்றதே காரணம். அதற்குள் முதற்சுற்று நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகிவிட்டது என்பது பின்வந்த ஆண்டுகளில் உள்ளே ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது.

மார்ச் 30ஆம் நாள், 5 மைல் சுற்றளவிலுள்ள கருவுற்ற தாய்மாரும் பள்ளி செல்லா வயதுக் குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று மாநில ஆளுநர் அறிவித்தார். அவ்வட்டாரத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்நாட்களில் வெளியேறினார்கள். வெளியே பரவிய கதிரியக்கம் சிறிதளவே என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் கூறியது. எனினும், கைக்குழந்தையுடன் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்ட தாயின் அச்சத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

குற்றம் யாருடையது?

'ஆபரேட்டரின் தவறு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். பலர் அவ்வாறே முடித்தார்கள். ஆனால் அந்நாளைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், ஜான் கெமனி என்பவர் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். கெமனி கணித அறிஞர். 'பேசிக்' என்னும் கணிப்பொறி மொழியை 1964இல் தாமஸ் கர்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து உருவாக்கியவர். 1979 அக்டோபரில் வெளிவந்த அவர் குழுவின் அறிக்கை, ஆபரேட்டர்கள் தவறு செய்ததை மறைக்கவில்லை. ஆனால் அவர்களைத் தவறு செய்ய வைத்தவை எவை என்றும் கேட்டது. பயிற்சி போதவில்லை, செய்முறை நூல்கள் தெளிவாக இல்லை, கட்டுப்பாட்டு அறை மனிதரின் இயல்பை எண்ணி அமைக்கப்படவில்லை, முன்பு நடந்ததிலிருந்து யாரும் பாடம் கற்கவில்லை என்று அது எடுத்துரைத்தது.

முன்பு நடந்தது என்ன? 1977 செப்டம்பர் 24ஆம் நாள், ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே வகை வால்வு இதேபோல் திறந்தபடி நின்றது. அங்கும் ஆபரேட்டர்கள் அவசர நீரைக் குறைத்தார்கள்! உலை அப்போது 9 விழுக்காடு திறனில் மட்டுமே இயங்கியது, ஏறத்தாழ 20 நிமிடங்களில் உண்மை தெரிந்துவிட்டது, கேடு நேரவில்லை. உலைகளை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இதைப் பற்றி எல்லா நிலையங்களுக்கும் தெளிவான அறிவுரை அனுப்ப வேண்டும் என்று 1978இல் எழுதினார். த்ரீ மைல் ஐலண்டில் விபத்து நடக்கும் வரை அந்த அறிவுரை போகவே இல்லை.

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இரு வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத இரு குழுவினர், ஒரே தவற்றைச் செய்கிறார்கள். அப்படியானால் அந்தத் தவறு மனிதர்களுக்குள் மட்டும் இருந்திருக்க முடியாது. அவர்கள் பார்த்த பலகையிலும், படித்த நூலிலும், பெற்ற பயிற்சியிலும் இருந்தது. அந்த ஆபரேட்டர்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டு வேறு இருவரை அமர்த்தினாலும், அந்த விளக்கு அவர்களிடமும் அதே பொய்யைத்தான் சொல்லும்.

நூல் மாறியது

விபத்துக்குப் பின் பல மாற்றங்கள் வந்தன. நிவாரண வால்வின் உண்மை நிலையைக் காட்டும் கருவியும், நீர் கொதிநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் காட்டும் கருவியும் அமெரிக்க நிலையங்களில் கட்டாயமாயின. செய்முறை நூல் எழுதும் முறையே மாறியது.

பழைய நூல்கள், 'இன்ன குழாய் உடைந்தால் இதைச் செய்க', 'இன்ன பம்பு நின்றால் இதைச் செய்க' என்று எழுதப்பட்டிருந்தன. அதாவது, நடந்தது என்ன என்று முதலில் கண்டுபிடித்தால்தான் சரியான பக்கத்தைப் புரட்ட முடியும். அதைக் கண்டுபிடிப்பதுதானே கடினம்! புதிய நூல்கள் அறிகுறிகளிலிருந்து தொடங்குகின்றன. மயங்கி விழுந்தவரைக் கொண்டு வந்தால் மருத்துவமனைச் செவிலியர் முதலில் நோயின் பெயரைத் தேடுவதில்லை. மூச்சு வருகிறதா, நாடி துடிக்கிறதா, குருதி வடிகிறதா என்று பார்த்து உயிரைக் காக்கிறார். அதுபோலவே, அணுப்பிளவு நின்றதா, உலையின் மையம் குளிர்கிறதா, வெப்பம் போக வழியுண்டா, நீர் போதுமா, சுற்றுச்சுவர் பத்திரமா என்று வரிசையாகக் கேட்டு, முதலில் உலையைக் காக்கச் சொல்கின்றன புதிய நூல்கள்.

காகிதத்திலிருந்து திரைக்கு

நூல் நல்லதாக இருந்தாலும் காகிதத்திற்குச் சில குறைகள் உண்டு. அம்மா சாம்பார் வைக்கும்போது வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். போய்விட்டு வந்ததும் ஓர் ஐயம்: "உப்புப் போட்டேனா, இல்லையா?" இடையில் அழைக்கப்பட்ட எவருக்கும் விட்ட இடம் மறந்துபோவது இயற்கை. கட்டுப்பாட்டு அறையிலோ, நாலைந்து நூல்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். 'அழுத்தம் இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் உடனே இன்ன பக்கத்திற்குச் செல்க' என்று ஒரு பக்கத்தில் படித்ததை, இருபது பக்கம் தாண்டிய பிறகும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. எந்தப் படி முடிந்தது, எந்தப் படி நடக்கிறது என்று அடையாளமிட்டு, நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. படியின் அருகிலேயே அதற்குரிய அளவைக் காட்டுகிறது. 'கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்' என்ற நிபந்தனைகளைச் சலிக்காமல் தானே கவனித்து, எல்லை மீறியவுடன் எச்சரிக்கிறது. த்ரீ மைல் ஐலண்டில் இப்படி ஒரு திரை இருந்திருந்தால் அதில் ஒரு படி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்:

படி 4: நிவாரண வால்வு மூடியுள்ளதா?
அனுப்பிய கட்டளை: மூடு.
வால்வின் உண்மை நிலை: திறந்துள்ளது.
அப்பாலுள்ள குழாயின் வெப்பம்: மிகுதி, ஏறுகிறது.
கட்டளையும் நிலையும் முரண்படுகின்றன. தடுப்பு வால்வை மூடுக.

இந்த ஐந்து வரிகளும் ஓர் ஆபரேட்டரின் கண்ணில் ஒரே இடத்தில் பட்டிருந்தால், 2 மணி 20 நிமிடம் சில நிமிடங்களாகச் சுருங்கியிருக்கலாம் அன்றோ?

இம்முயற்சிகள் வெறும் கற்பனையல்ல. நார்வே நாட்டின் ஹால்டன் நகரில் மாதிரிக் கட்டுப்பாட்டு அறை ஒன்றை அமைத்து, உண்மையான ஆபரேட்டர்களைக் கொண்டே ஆராய்ந்தார்கள். பிரான்சு நாட்டின் ஷோ என்னும் ஊரில் 1996இல் மின்சாரம் தரத் தொடங்கிய உலையில், கட்டுப்பாட்டு அறை முழுவதும் கணிப்பொறி மயமாக அமைந்தது. செய்முறைகளும் திரையிலேயே வந்தன. கணிப்பொறி பழுதானால் பயன்படுத்தத் தனிப் பலகையும் காகித நூல்களும் அங்கே வைக்கப்பட்டன. பின்னர் தென்கொரியாவிலும் சீனாவிலும் கட்டப்பட்ட புதிய உலைகளும் திரைச் செய்முறையை ஏற்றன.

மூன்று வகைகள்

பொறியாளர் கழகமான ஐ.இ.இ.இ. 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, கணிப்பொறிச் செய்முறைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில், காகிதத்தில் இருந்ததே திரையில் தெரியும், அவ்வளவுதான். இரண்டாம் வகையில், ஆலையின் அப்போதைய அளவுகள் படியோடு சேர்ந்து வரும். படியின் நிபந்தனை நிறைவேறியதா என்று கணிப்பொறி தன் கருத்தைச் சொல்லும். மூன்றாம் வகையில், அந்தத் திரையிலிருந்தே வால்வைத் திறக்கவும் பம்பை நிறுத்தவும் முடியும். ஆபரேட்டர் அனுமதித்தால் சில படிகளைக் கணிப்பொறியே வரிசையாகச் செய்து முடிக்கும்.

மூன்றாம் வகையே உயர்ந்தது என்று எண்ணத் தோன்றும். அப்படி முடிவு செய்வதற்கு முன் மற்றொரு நிகழ்ச்சியைப் பார்ப்பது நலம்.

கணிப்பொறியும் ஏமாறும்

1994 ஜூலை 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்ஃபர்ட் ஹேவன் என்னும் ஊரிலுள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. காலையில் அடித்த மின்னலால் ஆலையில் பல இடையூறுகள் நேர்ந்தன. அங்கே ஒரு வால்வு மூடியிருந்தது. ஆனால் கட்டுப்பாட்டுக் கணிப்பொறியோ அது திறந்திருப்பதாகக் காட்டியது! நீர்ம எரிபொருள் போக வழியின்றிச் சேர்ந்துகொண்டே வந்தது. பிற்பகலில் பெரும் வெடிப்பு நேர்ந்து 26 பேர் காயமுற்றனர். வெடிப்புக்கு முந்திய 11 நிமிடங்களில் மட்டும் இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களைச் சந்தித்தார்கள் என்று அரசின் விசாரணை கூறுகிறது. ஆலை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் திரையும் அவர்களுக்கு இல்லை.

15 ஆண்டுகள் கழிந்தும் அதே இரண்டு குறைகள்: பொய் சொல்லும் வால்வு, வெள்ளமாய் வரும் அலாரம். முதலில் பொய் சொன்னது விளக்கு. இப்போது சொன்னது திரை. கருவி மாறியது; குறை மாறவில்லை.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பார்கள். கணிப்பொறிக்கும் இது பொருந்தும். உணர்கருவி தவறான அளவைத் தந்தால், கணிப்பொறி அதை வைத்துக்கொண்டு மிக வேகமாகவும் மிக அழகாகவும் தவறான முடிவைக் கூறும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. திரை எப்போதும் சரியாகச் சொல்லிப் பழகிவிட்டால், மனிதர் சிந்திப்பதை நிறுத்திவிடக்கூடும். ஒவ்வொருவரும் தத்தம் திரைக்குள் மூழ்கிவிட்டால், "இதைப் பார்த்தீர்களா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் பழக்கமும் குறைந்துவிடக்கூடும்.

நல்ல செய்முறையின் இலக்கணம்

ஆகவே, திரைச் செய்முறையை எழுதுவோர் மனத்தில் கொள்ள வேண்டியவை என்று நான் கற்றறிந்தவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. ஒரு படியில் ஒரே ஒரு செயல் இருக்க வேண்டும். வாக்கியம் சிறியதாகவும், சொற்கள் எங்கும் ஒரே பொருளிலும் வர வேண்டும்.

2. எச்சரிக்கை, செயலுக்கு முன்னால் வர வேண்டும். 'சூடாக இருக்கும்' என்பதைப் பாத்திரத்தைத் தொட்ட பின் சொல்லிப் பயனில்லை.

3. கட்டளையையும் உண்மை நிலையையும் தனித்தனியே காட்ட வேண்டும். இயன்றால் இரண்டு வெவ்வேறு கருவிகளைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு கருவி ஐயத்திற்குரியது என்றால் அதையும் திரை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

4. கணிப்பொறி 'ஆம்' என்றால் மட்டும் போதாது. எந்த அளவைக் கொண்டு 'ஆம்' என்கிறது என்பதையும் காட்ட வேண்டும். ஆபரேட்டர் மறுக்கவும் இடம் இருக்க வேண்டும்.

5. மீட்க முடியாத செயலுக்கு, தேர்ந்தெடுப்பதும் நிறைவேற்றுவதும் என இரண்டு படிகள் வேண்டும்.

6. அலாரங்களைத் தரம் பிரிக்க வேண்டும். ஆலை முழுவதையும் எல்லோரும் காணும் பெரிய திரை ஒன்று வேண்டும்.

7. கணிப்பொறி நின்றுபோனால் எடுத்துப் பயன்படுத்தக் காகிதப் படி எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அதிலும் பயிற்சி வேண்டும்.

8. எல்லாவற்றுக்கும் மேலாக, இதைப் பயன்படுத்தப் போகிறவர்களையே அழைத்து, மாதிரி அறையில் அமர்த்தி, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று பார்த்துத் திருத்த வேண்டும்.

முடிவுரை

கணிப்பொறிக்கு மறதி இல்லை, சலிப்பு இல்லை. விடியற்காலை 4 மணிக்கும் அதற்குக் கொட்டாவி வராது. எண்ணுவதையும், அடையாளமிடுவதையும், காவல் இருப்பதையும் அதனிடம் ஒப்படைப்பது அறிவுடைமை. ஆனால் 6.22 மணிக்கு அந்த வால்வை மூட வைத்தது எது? எல்லாக் கருவிகளையும் பார்த்து, "இவை ஒன்றோடொன்று பொருந்தவில்லையே!" என்று ஒரு மனிதருக்குத் தோன்றிய ஐயம். அந்த ஐயத்திற்கு இடமும் ஓய்வும் தருவதே நல்ல செய்முறையின் பயன். மனிதரை அறையிலிருந்து அப்புறப்படுத்தும் செய்முறையைவிட, அவர் தெளிவாகச் சிந்திக்கத் துணை நிற்கும் செய்முறையே சிறந்தது என்பது என் துணிபு.

தோழியரே, நாளை நம்மில் சிலர் பொறியாளராகி இத்தகைய அறைகளை அமைக்கலாம். சிலர் செவிலியராகி மருந்துப் பட்டியலைக் கையில் ஏந்தலாம். சிலர் இல்லத்தை நடத்தலாம். எங்கிருந்தாலும் தவறு நேரும். அப்போது "யார் செய்தது?" என்று கேட்டு விரல் நீட்டுவது எளிது. "எதனால் நேர்ந்தது? மறுபடி நேராமல் எதை மாற்றலாம்?" என்று கேட்பது கடினம். 1977இல் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருந்தும், அது அடுத்த ஊருக்குப் போய்ச் சேராததால்தான் 1979இல் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போக நேர்ந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று அறிந்தவர்கள், யானையைத் திட்டிக்கொண்டிருப்பதில்லை. அது நடக்கும் பாதையைச் செப்பனிடுகிறார்கள். நாமும் பாதையைச் செப்பனிடக் கற்போமாக!